துளிர் வந்தால் போதுமா? மாதுளையில் குச்சி நாற்று தயாரித்தல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் உழவர்களின் அனுபவ மொழி. நெல்லுக்கும் சோளத்துக்கும் இது பொருந்தும். ஆனால், மரத்திலிருந்து வெட்டி நடும் குச்சிக்கு இது பொருந்தாது. குச்சியில் துளிர் முந்திவிடும். வேர் பிந்தித்தான் வரும். இதை அறியாமல் உழைப்பையும் ஒரு பருவத்தையும் இழந்த விவசாயிகள் பலர்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் விவசாயி ஒருவர் காய்ந்த மாதுளைக் குச்சிகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "சார், உறவுக்காரர் தோட்டத்திலிருந்து வெட்டி வந்து இருநூறு குச்சி பையில வச்சேன். இருபது நாள்ல எல்லாம் துளிர்த்துச்சு. உடனே தோட்டத்துல நட்டேன். பத்து நாள்ல கருகிப்போச்சு. இது பூச்சியா, நோயா?" என்று கேட்டார்.

குச்சிகளின் அடிப்பகுதியைப் பார்த்தோம். ஒன்றில்கூட வேர் இல்லை. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. அவசரமே காரணம். "துளிர் வந்தா செடி பிழைச்சிடுச்சுன்னு அர்த்தம் என்று என் மகன்தான் சொன்னான். அவன் கணிப்பொறியில விளையாடுற விளையாட்டுல அப்படித்தானாம்" என்றார் அவர்.

மகன் விளையாடியது 'வின்டேஜ் ஸ்டோரி' என்னும் விளையாட்டு. காட்டில் தனியாக விடப்பட்ட ஒருவர் உணவு தேடி, பயிர் செய்து உயிர் பிழைப்பதே இதன் கதை. பழமரம் வேண்டுமானால் காட்டு மரத்திலிருந்து குச்சி வெட்டி நட வேண்டும். அல்லது வேறொரு மரத்தில் ஒட்ட வேண்டும். நட்ட குச்சிகளில் சில பிழைக்கும், சில பட்டுப்போகும். இவ்வளவும் உண்மைக்கு ஒத்ததே. ஆனால் விளையாட்டில் மாவும் மாதுளையும் ஒரே முறையில் குச்சியில் வளர்கின்றன. நம் தோட்டத்தில் அப்படியன்று.

எந்த மரம் குச்சியில் வரும்?

கிளுவை, பூவரசு, முருங்கை ஆகியவற்றைப் போத்து வெட்டி நடுவது நமக்குப் பழக்கமானதே. பழப் பயிர்களில் மாதுளை, திராட்சை, அத்தி, மல்பெரி ஆகியவை முதிர்ந்த குச்சியிலிருந்து நன்கு வேர்விடும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் வேர்விட்ட குச்சிகளைக் கொண்டே அமைக்கப்படுகின்றன.

மாங்குச்சி எளிதில் வேர்விடாது. ஆகவே மாவுக்கு நெருக்கு ஒட்டு, மென்தண்டு ஒட்டு போன்ற முறைகள் தேவை. சப்போட்டாவைப் பாலா வேர்ச்செடியில் ஒட்டுகிறோம். கொய்யாவுக்குப் பதியன் முறை ஏற்றது. இம்மரங்களில் குச்சி நட்டுக் காத்திருப்பது வீண் வேலை.

துளிர் முந்துவது ஏன்?

முதிர்ந்த குச்சிக்குள் மாவுச்சத்தும் ஈரமும் சேமிப்பாக இருக்கின்றன. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தவுடன் மொட்டுகள் இந்தச் சேமிப்பைக் கொண்டு இலை விடுகின்றன. இது கையிருப்பை எடுத்துச் செலவு செய்வது போன்றது. வருமானம் இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையே அடிவெட்டில் வெளிறிய புடைப்புத் திசு உருவாகிறது. பிறகே அப்பகுதியிலிருந்து வேர்கள் வெளிவருகின்றன. வேர் வருமுன் வெயிலில் வைத்தால், இலைகள் விடும் நீராவியை ஈடுசெய்யத் தண்ணீர் ஏறாது. குச்சி காய்ந்துவிடும். முகாமுக்கு வந்த விவசாயியின் இருநூறு குச்சிகளுக்கும் நேர்ந்தது இதுவே.

மாதுளையில் துளிர் 2 அல்லது 3 வாரங்களில் தெரியும். போதுமான வேர் பிடிக்க 2 முதல் 3 மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் பொறுமை காப்பதே இத்தொழிலின் முக்கிய நுட்பம்.

தாய்மரத் தேர்வு

விதையிலிருந்து வரும் மாதுளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குச்சியிலிருந்து வரும் செடியோ தாய்மரத்தின் மறுபதிப்பு. நல்ல காய்ப்பு, பழத்தின் நிறம், சுவை அனைத்தும் அப்படியே வரும். நோயும் உடன் வரக்கூடும். இலையிலும் பழத்திலும் எண்ணெய் படிந்தாற்போல் புள்ளிகள் தோன்றும் பாக்டீரியா கருகல் நோய் நாற்றுகள் மூலமாகவே புதிய தோட்டங்களுக்குப் பரவுகிறது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக நோயுற்ற தோட்டத்திலிருந்து ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது. கணேஷ், பக்வா, மிருதுளா போன்ற இரகங்களில், தொடர்ந்து நன்கு காய்க்கும் மரத்தைக் காய்ப்பின்போதே பார்த்து அடையாளமிட்டு வைக்க வேண்டும்.

குச்சி தயாரித்தல்

டிசம்பரில் கவாத்து செய்யும்போது குச்சிகளைச் சேகரிப்பது எளிது. ஓராண்டுக்கு உட்பட்ட, பழுப்பு நிறமாக முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளைகளே ஏற்றவை. பச்சை நுனித்தண்டும், அடிமரத்திலிருந்து நேராக எழும் சதைப்பற்றான போத்தும் வேண்டாம்.

குச்சியின் நீளம் 20 முதல் 25 செ.மீ. இருக்கலாம். அதில் 4 முதல் 6 கணுக்கள் இருக்க வேண்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேலே மொட்டுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் சாய்வாகவும் வெட்ட வேண்டும். சாய்வு வெட்டில் தண்ணீர் தேங்காது. எது தலை, எது அடி என்றும் குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி சரிவர வேர்விடாது என்பதால் இந்த அடையாளம் முக்கியம். வெட்டும் கத்தியை ஒவ்வொரு மரத்துக்கும் தூய்மை செய்ய வேண்டும். வெட்டிய குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி, அன்றே நடுவது நல்லது.

வேரூக்கித் தூள் கிடைத்தால், குச்சியின் அடிப்பகுதி 2 செ.மீ. அளவுக்கு ஈரமாக்கித் தூளில் தோய்த்து, அதிகமானதைத் தட்டிவிட்டு நடலாம். இண்டோல் பியூட்டிரிக் அமிலம் அடங்கிய தூள் இதற்குப் பயன்படுகிறது. குச்சி நன்றாக இருந்தால்தான் மருந்தும் பயன்தரும்.

நடவும் பராமரிப்பும்

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்து, அடியில் துளையிட்ட பாலித்தீன் பைகளில் நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் சேர்த்தால் குச்சியின் அடி அழுகும். குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்திவிட வேண்டும். வெளியே ஒன்றிரண்டு மொட்டுகள் இருந்தால் போதும்.

தென்னங்கீற்றுப் பந்தலின் நிழலில் பைகளை அடுக்கி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. அடியழுகல் கண்டால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து மண் நனைய ஊற்றலாம்.

துளிர் வந்ததும் ஆர்வத்தில் குச்சியை ஆட்டிப் பார்க்கவோ பிடுங்கிப் பார்க்கவோ வேண்டாம். புதிதாய் விட்ட மெல்லிய வேர் அறுந்துவிடும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் நூறு பைக்கு இரண்டு பையைக் கிழித்து மண்ணைக் கழுவிப் பார்க்கலாம். இரண்டு போனாலும் மற்றவை தப்பும். வேர் பிடித்தது உறுதியான பின், பந்தலைச் சிறிது சிறிதாகப் பிரித்து நாற்றுகளை வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தோட்டத்தில் நடவு

12 முதல் 18 மாத வயதுள்ள வேர்விட்ட குச்சிகளே தோட்டத்தில் நட ஏற்றவை. நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 60 செ.மீ. உள்ள குழிகளில் 2.5 முதல் 3 மீட்டர் இடைவெளியில் ஜூன் முதல் டிசம்பர் வரை நடலாம். டிசம்பர் கவாத்தில் எடுத்த குச்சி அடுத்த டிசம்பரில் 12 மாத நாற்றாகும். இன்னும் ஓர் ஆடியைக் கடக்குமுன் 18 மாத நாற்றாகிவிடும்.

அந்த விவசாயி முகாம் முடிந்து புறப்படும்போது, "மகனிடம் என்ன சொல்லட்டும், சார்?" என்று கேட்டார். "பாதி சரியாகத்தான் சொன்னான் என்று சொல்லுங்கள். மீதியைக் கற்க, வருகிற டிசம்பரில் பத்துக் குச்சியை அவன் கையாலேயே நடச் சொல்லுங்கள்" என்றேன். புதிதாகத் தொடங்கும் விவசாயிகளும் முதல் ஆண்டில் ஐம்பது குச்சிகளுடன் நிறுத்திக்கொண்டு, எத்தனை வேர் பிடித்தன என்று எண்ணிக் குறித்து வைக்கலாம். அந்தக் கணக்கைக் கொண்டு அடுத்த ஆண்டு தேவைக்கேற்பப் பெருக்கினால், வாங்கும் செலவின்றித் தரமான நாற்றுகளைத் தாமே தயாரித்துப் பயன் பெறலாம்.