லினக்ஸ் மடிக்கணினி: தடை வந்தால் என்ன செய்வோம்?

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் காணி உறுதிகளை இழந்தோர் பலர். உறுதியின் பிரதி உறுதியாகிவிடாது. ஆயினும் காணிப் பதிவகத்தில் தேடுவதற்கு உறுதி இலக்கத்தைத் தரும். அப்பிரதிகளைப் பழைய மடிக்கணினியில் வைத்திருக்கும் நாம், லினக்ஸில் வரும் தடைகளை அறிந்திருத்தல் நன்று. ஆழிப்பேரலையின் பின் இடம்பெயர்ந்தோரைப் பதிவுசெய்ய நம் நாட்டில் உருவான ‘சகானா’வைப் போல, லினக்ஸும் எவரும் இலவசமாகப் பகிரக்கூடிய மென்பொருளே.

1. வைஃபை இல்லையா? அதற்குரிய டிரைவர் இல்லாதிருக்கலாம். கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, ‘டெதரிங்’ மூலம் இணையம் பெற்று அதை இறக்குங்கள்.

2. டெர்மினலில் கடவுச்சொல் தெரியவில்லையா? அது பழுதல்ல. முழுவதும் தட்டி, என்டரை அழுத்துங்கள்.

3. தமிழ் வரவில்லையா? செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதியில் தமிழைச் சேருங்கள்.

4. கணினி தொடங்கவில்லையா? உடனே அழித்து மீண்டும் நிறுவாதீர்கள். லினக்ஸ் நிறுவிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். ஹார்ட் டிஸ்க் பழுதடையாவிட்டால் கோப்புகளை அங்கிருந்தே வேறொரு பென்டிரைவுக்குப் பிரதி எடுக்கலாம். திருத்தம் அதன் பின்னரே.

விதைநெல்லைத் தனியே வைப்பது நமது வழக்கம். ஆவணங்களையும் அவ்வாறே காப்போம்.

கலந்துரையாட: நமது குடும்ப ஆவணங்களின் இரண்டாம் பிரதி எங்கே இருக்கிறது?