பிடி ஆடினால் கை போகும்!
அரிவாளுக்கு நாமே பிடி போடுவோம்



போன மாதக் கூட்டத்துக்கு ஒரு அக்கா விரலில் கட்டோடு வந்திருந்தார்கள். "வரப்புப் புல் அறுக்கையிலே பிடிக்குள்ளேயே அரிவாள் திரும்பிட்டு" என்றார்கள். ஒரு வாரம் கூலி போச்சு, கடன் தவணையும் நின்னுபோச்சு. நம்மில் எத்தனை பேர் ஆடுகிற பிடிக்குத் துணியைச் சுற்றி ஓட்டுகிறோம்? அதனால் இந்த மாதம் பிடி போடுவது பற்றிப் படிப்போம்.

பிடி ஏன் ஆடுகிறது?

மரம் ஈரத்தை இழுத்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். குற்றாலச் சாரலில் ஆனி, ஆடியில் ஊதிய பிடி, கார் அறுப்பு வெயிலில் சுருங்கிவிடும். பச்சை மரத்தில் போட்ட பிடி என்றால் சீக்கிரமே ஆடும், வெடிக்கவும் செய்யும்.

எந்த மரம்?

பூவரசு, நாட்டுக் கருவேல், புளி, வாகை நல்லது. இதற்காக மலைக்குப் போக வேண்டாம்; காப்புக் காட்டில் மரம் வெட்டுவது குற்றம். தென்காசி, செங்கோட்டை மர அறுவை ஆலைகளில் துண்டுக் கட்டை கிடைக்கும். முடிச்சு இல்லாமல், ரேகை நேராக ஓடுகிற கட்டையாகப் பாருங்கள். ஈரமிருந்தால் இரு முனையிலும் மெழுகு தடவி நிழலில் காய வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால்தான் மரம் காய்ந்தது என்று அர்த்தம்.

செய்யும் முறை

1. முதலில் அரிவாள் அலகைச் சாக்கால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள்.

2. கடைப் பிடி பலருக்குப் பெரிதாக இருக்கிறது. உங்கள் கையை அளந்து போடுங்கள். நான்கு விரல் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு விரல் கூட்டினால் அதுதான் நீளம். பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிற மாதிரி கனம் போதும். முழு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் செதுக்கினால் கைக்குள் சுழலாது. அடிப்பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் நழுவாது.

3. வாய்ப்பக்கம் இரும்புப் பூண் இறுக்கமாக ஏற்றுங்கள். பூண் இல்லாத பிடி பிளக்கும்.

4. நடுவில், அரிவாள் வாலை விடச் சிறியதாகத் துளை போடுங்கள்.

5. சாக்கை நன்றாக நனைத்துக்கொண்டு, வாலை மட்டும் அடுப்பில் பழுக்கக் காய்ச்சுங்கள். அலகு சூடானால் அதன் பதம் போய்விடும். குறடால் பிடித்து, இரண்டு மூன்று தடவையாகத் துளைக்குள் அழுத்துங்கள். மரம் கருகி வாலின் வடிவத்துக்கே குழியாகும். கால் அங்குலம் மிச்சம் வைத்து நிறுத்துங்கள்.

6. கரியைத் தட்டிவிட்டு, பொடித்த அரக்கைக் குழியில் போடுங்கள். வாலை அரக்கு உருகும் அளவுக்கு மட்டும் சுட வைத்துச் செருகுங்கள். அலகு கீழே தொங்கும்படி பிடியைப் பிடித்து, பிடியின் அடியில் மரச்சுத்தியால் தட்டுங்கள். வால் தானாக உள்ளே ஏறும். கால் பக்கம் கவனம்! நன்றாக ஆறும் வரை அசைக்கக் கூடாது.

7. உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

தொழிலாகச் செய்யலாமா?

அறுவடை இயந்திரம் வந்த பிறகும் சாய்ந்த நெல்லுக்கும் மாட்டுப் புல்லுக்கும் அரிவாள்தான். முதலில் குழுவிலுள்ள அரிவாள்களுக்குப் போட்டுப் பழகுங்கள். விலை வைக்கும்போது மரம், பூண், அரக்கு, கரி என்று எழுதுகிற நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம்: நம் கூலி. "சும்மா இருக்கிற நேரத்திலே செஞ்சதுதானே" என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்துக்கும் விலை உண்டு.

குழுவில் கலந்து பேசுங்கள்:

* நம் குழுவில் ஆடுகிற பிடி எத்தனை?
* காயம் பட்டு எத்தனை நாள் கூலி இழந்தோம்?
* ஒரு பிடி போட எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்கு என்ன கூலி?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆடுகிற அரிவாளையும் கையோடு எடுத்து வாங்க, சேர்ந்தே போடுவோம்.