சிதறிக் கிடக்கும் படங்களைச் சேர்த்தெடுப்போம்



1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி எங்கும் எமது மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை மிகச் சில. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இருந்தால் சிறிது நகை. கலியாண அல்பத்தைச் சுமந்தவர்கள் குறைவு. சுமந்தவர்களிலும் பலர் அதனை வழியில் கைவிட நேர்ந்தது.

ஆயினும் எல்லாப் படங்களும் அழிந்துவிடவில்லை. அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்த உறவினருக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பிய படங்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் பெட்டிகளுக்குள் தப்பிக் கிடந்தன. இப்போது அவர்கள் அவற்றை ஸ்கான் செய்து முகநூலில் இடுகின்றனர். ஒரே பதிவில் முப்பது, நாற்பது படங்கள் வருகின்றன. அவற்றில் திருவிழா இருக்கிறது. முதல் நன்மை எடுத்த பிள்ளைகள் இருக்கின்றனர். பின்னணியில் துலாக் கிணறும், கிடுகு வேலியும், எல்லையில் நின்ற பூவரசும் இருக்கின்றன. சில குடும்பங்களுக்குத் தகப்பனின் முகம் எஞ்சியிருப்பது அந்தப் பதிவுகளில் மட்டுமே.

இப்படங்களைப் பார்த்துக் கண்கலங்குவதோடு நின்றுவிடாமல், அவற்றை ஒன்றாகச் சேமித்து வைப்பது எப்படி என்பதே இவ்விதழின் பாடம்.

1. பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு

முகநூலில் தெரியும் படம் எமது கையில் இல்லை. அது அயலவர் வீட்டில் அடுக்கி வைத்த நெல்மூடை போன்றது. அவர் பதிவை அழித்தால் படமும் போய்விடும். அவருடைய கணக்கை வேறொருவர் கைப்பற்றினாலும், அவர் இறந்தபின் குடும்பத்தினர் கணக்கை மூடிவிட்டாலும், பார்ப்போர் எல்லையை அவர் மாற்றினாலும் முடிவு அதுவே. நேற்றுப் பார்த்த படம் நாளை இல்லாமல் போக, எவரும் எம்மிடம் அனுமதி கேட்கப் போவதில்லை.

பலர் ஒவ்வொரு படமாகச் சேமிக்கத் தொடங்குகின்றனர். பத்தாவது படத்தில் கை சலிக்கிறது, அல்லது டேட்டா முடிகிறது. 'மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்' என்று விடுகின்றனர். விடுபட்ட அந்த மிச்சத்தில்தான் கிணற்றடிப் படம் இருந்திருக்கும். ஆகவே தொகையாக எடுக்கும் வழிகளை அறிந்திருப்பது நல்லது.

2. முதல் வழி: இட்டவரிடம் கேளுங்கள்

மிகச் சிறந்த வழி இதுவே. முகநூல் தன்னிடம் இடப்படும் படத்தைச் சிறிதாக்கிவிடுகிறது. அதன் நீண்ட பக்கம் 2048 புள்ளிகளுக்கு மேல் போவதில்லை. இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசி எடுக்கும் படமோ 4000 புள்ளிகள் நீளமும் 3000 புள்ளிகள் அகலமும் உடையது. கணக்கிட்டால், முகநூலில் எமக்குக் கிடைப்பது மூலப் படத்தின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பெரிதாக்கிப் பார்த்து ஒரு முகத்தை அடையாளம் காணவும், உறுதியில் உள்ள இலக்கத்தை வாசிக்கவும் மூலப் படமே உதவும். அது இட்டவரிடம் உண்டு.

உறவினருக்கு இப்படி எழுதலாம்: 'மாமா, நீங்கள் முகநூலில் போட்ட எங்கட ஊர்ப் படங்கள் நாற்பதையும் பார்த்தோம். அவற்றின் மூலப் பிரதிகளை வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ற் ஆக அனுப்பிவிடுங்கோ. படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதிவிடுங்கோ.'

'டொக்கியுமென்ற்' என்ற சொல்லைத் தவறாமல் எழுத வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் சுருங்காது. 2022ஆம் ஆண்டு முதல் ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை இருக்கலாம். ஆகவே நாற்பது படங்களையும் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டியும் அனுப்பலாம்.

படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்ந்த அல்பம் செய்து அதன் இணைப்பை அனுப்பும்படி கேளுங்கள். கணினியில் அந்த இணைப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'டவுன்லோட் ஓல்' என்பதைத் தெரிவு செய்தால் எல்லாப் படங்களும் ஒரே கோப்பாக வந்துவிடும்.

3. இரண்டாம் வழி: சொந்தப் பதிவுகளை மீட்டெடுத்தல்

சிலரிடம் மூலப் படம் இராது. தொலைபேசி பழுதாகியிருக்கும்; படம் முகநூலில் மட்டும் எஞ்சியிருக்கும். அப்படியானவர் தன் சொந்தப் பதிவுகள் அனைத்தையும் முகநூலிடமிருந்தே திரும்பப் பெறலாம். 2010ஆம் ஆண்டு முதல் இவ்வசதி உண்டு. எமது வாசகர்களும் தம் சொந்தக் கணக்கில் இதைச் செய்யலாம்.

அமைப்புகளுக்குள் சென்று, 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' என்பதையும், அதற்குள் 'உங்கள் தகவல்களும் அனுமதிகளும்' என்னும் பொருளுள்ள பகுதியையும் திறக்க வேண்டும். தகவல்களைப் பதிவிறக்கும் தெரிவு அங்கே இருக்கும். பொத்தான்களின் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், பெயரைத் தேடாமல் பொருளைத் தேடுங்கள். பின்னர் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்:

அ) எல்லாவற்றையும் கேட்காமல் 'பதிவுகள்' என்பதை மட்டும் தெரிவு செய்யுங்கள். கோப்பு சிறிதாகும்.

ஆ) கால எல்லையை நீங்களே குறியுங்கள். இல்லாவிடில் கடைசிச் சில காலத்தின் படங்கள் மட்டும் வந்து, பழையவை விடுபடக்கூடும்.

இ) படத் தரத்தை உயர்ந்ததாகவும், கோப்பு வகையை எச்.ரி.எம்.எல். ஆகவும் வையுங்கள். எவரும் திறந்து வாசிக்கலாம்.

கோப்பு ஆயத்தமாகச் சில மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கலாம். ஆயத்தமானதும் அறிவித்தல் வரும். சில நாட்களுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். பிந்தினால் மீண்டும் விண்ணப்பிக்க நேரிடும். இதில் நாம் இட்டவை மட்டுமே கிடைக்கும். பிறர் இட்டு, எமது பெயரைச் சேர்த்த படங்கள் கிடைக்கமாட்டா.

4. மூன்றாம் வழி: வட்ஸ்அப் குழுப் படங்கள்

ஊர்ச் சங்கக் குழுக்களில் வரும் படங்களை உடனே திறந்து இறக்கிவிடுங்கள். பல வாரம் திறவாமல் விட்டால், அனுப்பியவரிடம் மீண்டும் கேட்கும்படி வட்ஸ்அப் சொல்லும். அப்போது அவரிடமும் அது இல்லாமல் போயிருக்கலாம்.

அன்ட்ரொயிட் தொலைபேசியில் இறக்கிய படங்கள் 'வட்ஸ்அப் இமேஜஸ்' என்னும் ஒரே அடைவில் சேர்கின்றன. தொலைபேசியை வயரினால் கணினியுடன் இணைத்து, அந்த அடைவை முழுமையாகப் பிரதி செய்யலாம். வட்ஸ்அப்பைக் கணினியில் திறந்தால், வேண்டிய படங்களைத் தெரிவு செய்து ஒரே தடவையில் இறக்கவும் முடியும்.

5. நான்காம் வழி: பலர் கூடி எடுத்தல்

படத்தை இட்டவர் இறந்துவிட்டார், அல்லது அவரைத் தொடர்புகொள்ள வழியில்லை என்றால் ஒவ்வொன்றாகவே எடுக்க வேண்டும். அதையும் தனியொருவர் செய்யத் தேவையில்லை. அருவி வெட்டுக்கு வயலைப் பங்கிடுவதுபோலப் படங்களைப் பங்கிடுங்கள். அறுபது படங்கள், ஆறு இளைஞர்கள், ஆளுக்குப் பத்து. ஒன்று முதல் பத்து வரை ஒருவர், பதினொன்று முதல் இருபது வரை மற்றவர் என எழுதிக் கொடுத்தால் விடுபடவும் மாட்டாது, இரட்டிக்கவும் மாட்டாது.

ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம். அதில் திரையில் தெரிவது மட்டுமே பதிவாகும். படத்தை முழுதாகத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'தொலைபேசியில் சேமி' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

6. எச்சரிக்கை

'ஒரே தொடுகையில் எல்லாப் படங்களையும் இறக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் செயலிகளும், கணினி உலாவியில் சேர்க்கும் துணைக்கருவிகளும் பல உள்ளன. உலாவித் துணைக்கருவிகளுள் சில, நாம் திறக்கும் பக்கங்கள் அனைத்தையும் வாசிக்கும் அனுமதியைக் கேட்கின்றன. வங்கிப் பக்கமும் அதில் அடங்கலாம். முன் அனுமதியின்றி இயந்திர முறையில் திரட்டுவதை முகநூலின் விதிகளும் தடுக்கின்றன. எந்தச் செயலிக்கும் முகநூல் கடவுச்சொல்லைக் கொடாதீர்கள். கடைக் கணினியில் வேலை செய்தால், எழும்புமுன் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய படங்களையும் அதிலிருந்து அழித்துவிடுங்கள்.

7. பெயரில்லாத படம் பாதிப் படம்

முகநூலும் வட்ஸ்அப்பும், கமரா படத்துக்குள் எழுதி வைத்த திகதியையும் இடத்தையும் நீக்கிவிடுகின்றன. கோப்பின் பெயராக எஞ்சுவது நீண்ட இலக்கம் மட்டுமே. முப்பது வருடம் கழித்து எமது பேரப்பிள்ளை அதைத் திறந்தால், அது யாரோ ஒருவரின் படம்.

ஆகவே இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, பதிவின் கீழே உறவினர் எழுதிய கருத்துகளையும் சேமியுங்கள். 'இடப்பக்கம் நிற்பது ஆசிரியர், பின்னால் தெரிவது எங்கட மாட்டுக் கொட்டில்' என்று ஒரு பெரியவர் எழுதியிருப்பார். படங்களைத் தொகையாக இறக்கும்போது இவை கூட வருவதில்லை. ஸ்கிரீன்ஷொட் உதவும் இடம் இதுதான். இரண்டாவது, ஊரின் மூத்தவர்களை ஒருநாள் கூட்டிப் படங்களைக் காட்டி, யார், எங்கே, எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் எழுதுங்கள். படங்களை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். மூத்தவர்கள் அடுத்த ஆண்டும் இருப்பார்கள் என்பது நிச்சயமில்லை.

8. காணி தொடர்பான படங்கள்

உறுதியின் படம் உறுதியாகாது. ஆனால் அதில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை வாசிக்கக் கூடியதாக இருந்தால், காணிப் பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரமாயின், அதன் இலக்கத்தோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவை நாடலாம். கிணறு, வேலி, வீட்டு அத்திவாரம் தெரியும் பழைய படங்கள், எல்லை பற்றிப் பேசும்போது நினைவைத் தெளிவாக்கும் துணையாகும். இப்படங்களைத் தனி அடைவில் வையுங்கள். உறுதியையோ அடையாள அட்டையையோ முகநூலில் எல்லோரும் பார்க்க இடாதீர்கள்.

9. இரண்டு இடங்களில் வையுங்கள்

1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் மீளாமலே அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றிருப்பதன் ஆபத்தை எமக்கு வேறெவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஒரு பென்ட்ரைவ் வீட்டில், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு ஒன்றுகூடும்போது, இரண்டையும் திறந்து சரிபாருங்கள். முக்கியமான பத்துப் படங்களையாவது தாளில் அச்சிடுங்கள்.

பிறர் எடுத்த படத்தின் உரிமை அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதனைப் பாதுகாக்கிறது. குடும்ப நினைவுக்காக வைத்திருப்பது வேறு. கேளாமல் மீண்டும் வெளியிடுவது வேறு. காணாமற்போனோரின் படங்களில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். தாயோ மனைவியோ சம்மதியாமல் அவற்றைப் பரப்பலாகாது.

ஐயாயிரம் பேர் உண்டு எழுந்தபின், எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடரிடம் கூறினார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அத்தனை பேருக்கு உணவளிக்க வல்லவரும் துண்டுகளை வீணாக விடவில்லை. எமக்கு எஞ்சியிருப்பவையும் துண்டுகளே. அவற்றையும் கூடையில் சேர்ப்போம்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரின் படங்கள் யார் யாருடைய பக்கங்களில் உள்ளன? பட்டியல் இடுக.
2. அவர்களுள் முதுமையினால் முதலில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார்?
3. படங்களைக் கண்டு பெயர் சொல்லக்கூடிய மூத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களைக் கூட்டும் நாள் எது?

அடுத்த இதழ் வருமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பதிவையாவது முழுமையாகச் சேமித்து, பெயர்களை எழுதி முடிக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.