முன்முடிவு விண்ணப்பம்: பொறியியல் மாணவர் ஆராய வேண்டியவை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பொறியியல் பயில விழையும் பிறநாட்டு மாணவர், 'முன்முடிவு' விண்ணப்பத்தை எந்தச் சர்வகலாசாலைக்கு அனுப்புவது என்பதை நன்கு ஆராய்தல் வேண்டும். அஃது வெறும் விண்ணப்பமன்று, ஒரு வாக்குறுதி. மாணவரும் பெற்றோரும் பாடசாலை ஆலோசகரும் அதிற் கையொப்பமிடுவர். பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் விண்ணப்பித்து, டிசம்பர் நடுவில் முடிவு அறியலாம். இடங் கிடைப்பின், ஏனைய விண்ணப்பங்களை விலக்கிக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். ஆகவே, ஒரு வேளையில் ஓரிடத்துக்கே இவ்வாறு விண்ணப்பித்தல் இயலும். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளது போன்ற கட்டுப்படுத்தாத முன்விண்ணப்பம் இதனின் வேறானது.

முன்முடிவில் இடம் பெறுவோர் விகிதம் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. ஆயின், விளையாட்டு வீரராக முன்னரே தெரிவானோரும் அதில் அடங்குவர். அவ்விகிதத்தை மாத்திரம் நம்புதல் தகாது. மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஓரிடத்தைத் தெரிதல் நன்று.

முதலாவது, பொருள். டார்ட்மத், பிறவுண் ஆகியவை பிறநாட்டாரைத் தெரியும்போதும் நிதித்தேவையைக் கருதுவதில்லை. டார்ட்மத் 2022இலும், பிறவுண் 2025இற் சேர்ந்தோர் தொடக்கமும் இம்முறையைக் கைக்கொண்டன. கோர்ணெல், ஹார்வி மட் போன்றவற்றிலோ பிறநாட்டார் நிதியுதவி கேட்பதும் தெரிவின்போது கவனிக்கப்படும். உதவி போதாதவிடத்து வாக்குறுதியினின்று விடுபடலாம் என்பது மெய்யே. எனினும், அப்பொழுது ஏனைய சர்வகலாசாலைகளின் இறுதி நாள்கள் நெருங்கிவிடும். ஆதலால் வேறு விண்ணப்பங்களையும் ஆயத்தமாக வைத்திருத்தல் அவசியம். பல இடங்களின் உதவித் தொகைகளை ஒப்பிடும் வாய்ப்பும் முன்முடிவில் இல்லை.

இரண்டாவது, பட்டம். டார்ட்மத்தில் பொறியியல் கற்றுப் பெறும் கலைமாணிப் பட்டம் தொழிற்றகுதி அங்கீகாரம் பெற்றதன்று. அங்கு பொறியியல்மாணிப் பட்டமே அத்தகையது. அதனைப் பெற மேலும் ஓராண்டு செல்லக்கூடும். அவ்வாண்டின் செலவையும் கணக்கிடுக. இலங்கை 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடாயிற்று. ஆகவே, அங்கீகாரம் பெற்ற பட்டத்துடன் தாயகம் மீள்வோருக்குத் தொழிற்றகுதியை நிலைநாட்டுதல் எளிதாகும்.

மூன்றாவது, பயிலும் முறை. கோர்ணெலில் பொறியியற் கல்லூரிக்கே நேராக விண்ணப்பித்தல் வேண்டும். ஹார்வி மட் கல்லூரியோ, குடிசார், மின் எனப் பிரிவு குறியாது பொதுப் பொறியியற் பட்டமே வழங்குகின்றது. தாம் விரும்புந் துறை எதுவென உறுதியாக அறிந்தவருக்கும், இன்னும் தேடுபவருக்கும் ஒரே இடம் பொருந்தாது.

பெற்றோருடன் கூடியிருந்து, கையொப்பமிடுமுன் இம்மூன்றையும் எழுத்தில் வைத்து நோக்குக. ஒன்றிலேனும் ஐயமிருப்பின், கட்டுப்படுத்தாத வழியில் விண்ணப்பித்தலே தக்கது. பெயர் பெற்ற இடம் என்பதற்காக மாத்திரம் குடும்பத்தின் பொருளை வாக்குறுதியாக வைத்தல் மாணவருக்கு அழகன்று.