தூது ஆர்.என்.ஏ. முதல் மரபணுத் தொழில் வரை: வால்டர் கில்பர்ட் தரும் பாடம்

ஆய்வில் விளைந்த அறிவைத் தொழிலாக வளர்க்கலாம். ஆனால் அவ்வறிவு யாருக்கு உரியது? இக்கேள்வியை ஆராய அமெரிக்க விஞ்ஞானி வால்டர் கில்பர்ட்டின் பணிவரலாறு பெரிதும் துணைபுரியும்.

ஆய்வுக்கூடத்தில்

1932இல் பாஸ்டனில் பிறந்த கில்பர்ட், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்துஸ் சலாமின் மேற்பார்வையில் ஆராய்ந்து 1957இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்து வந்த அவரை, 1960இல் ஜேம்ஸ் வாட்சனின் ஆய்வு உயிரியலின்பால் ஈர்த்தது. மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் உள்ளது, புரதமோ ரிபோசோம்களில் உருவாகிறது. இடையே செய்தியை ஏந்திச் சென்று விரைவில் சிதையும் தூது ஆர்.என்.ஏ. உண்டு என்பதை 1961இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. அவற்றுள் ஒன்றில் கில்பர்ட்டுக்கும் பங்குண்டு.

1977இல் ஆலன் மேக்சமுடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் முறையை அவர் வெளியிட்டார். இழையின் ஒரு முனையில் கதிரியக்க அடையாளமிட்டு, குறிப்பிட்ட எழுத்துகளில் இரசாயனங்களால் வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து வரிசையை அறிவதே அம்முறை. 1980இல் இரசாயன நோபல் பரிசை பால் பெர்க், பிரடெரிக் சாங்கர் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

தொழில்துறையில்

1978இல் பயோஜென் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் கில்பர்ட்டும் ஒருவர். அதனை நடத்துவதற்காக 1982இல் ஹார்வர்டை விட்டு விலகி, சில ஆண்டுகளில் மீண்டும் அங்கேயே திரும்பினார். 1987இல், மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளையும் படித்து, அத்தகவலை விற்கும் நிறுவனமொன்றை அமைக்க முற்பட்டார். மூலதனம் திரளவில்லை. 1990இல் தொடங்கிய பொதுத்துறைத் திட்டமே அப்பணியை ஏற்று, 2003இல் நிறைவுற்றது. படித்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு வெளியிடுவதென 1996இல் பெர்முடாவில் கொள்கை வகுக்கப்பட்டது.

கில்பர்ட் பங்கேற்றுத் தொடங்கிய மிரியட் நிறுவனம், மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடைய மரபணுக்களின்மீது காப்புரிமை பெற்றிருந்தது. இயற்கை டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதனாலேயே அது எவருக்கும் உரிமையாகாது என 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், தூது ஆர்.என்.ஏ.வின் வரிசையைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கிய டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை பெற இடமளித்தது.

நமக்குரிய பாடம்

இந்தியர் 10,000 பேரின் மரபணுத் தொகுதித் தரவுகள் பரீதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இவற்றிலிருந்து மருந்துகளும் சோதனைகளும் தோன்ற வேண்டுமாயின் தொழில்முனைவோரின் ஊக்கம் தேவை. ஆயினும் மனிதன் புனைந்த கருவிக்குத்தான் விலை உண்டு. இயற்கை எழுதிய வரிக்கு இல்லை. இந்த வேறுபாட்டை விதிகளில் தெளிவாக வரையறுப்பது நிர்வாகத்தின் கடமை.