கன்டெய்னர் வீடு: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்த இரும்புப் பெட்டிகள் நமக்குப் புதியவை அல்ல. கடலில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த பெட்டிகள் பிறகு விலைக்கு வருகின்றன. அதை வாங்கி வீடாக்கலாமா என்ற பேச்சு நம் உத்திரமேரூர் வட்டாரத்திலும் எழக்கூடும். வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும்.

20 அடிப் பெட்டியின் வெளி அகலம் 8 அடி. உள்ளே சுமார் 7 அடி 8 அங்குலம்தான். வெப்பத் தடுப்பு வைத்துப் பிளைவுட் அடித்தால் பக்கத்துக்கு 2 அங்குலம் போய்விடும். ஆகவே குடும்பம் வாழ இரண்டு பெட்டிகளைச் சேர்த்தே ஆக வேண்டும். செலவு அங்கேதான் தொடங்குகிறது. சுமையைத் தாங்குபவை நான்கு மூலைத் தூண்கள். நெளித்தகட்டுச் சுவர் அவற்றுக்குத் துணை. அந்தச் சுவரை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்யாமல் விட்டால் கூரை தொய்யும்.

லண்டனில் 2001-இல் பழைய கன்டெய்னர்களை அடுக்கியே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அந்த ஊர்க் குளிர் வேறு. நம் கத்திரி வெயிலில் வெறும் பெட்டி அடுப்புதான். மேலே ஓரடி இடைவெளி விட்டு இரண்டாவது கூரை போட்டு, எதிரெதிர் ஜன்னல் வைத்தால் உபத்திரவம் பெருமளவு குறையும். ஐப்பசி மழையில் உள்தகடு வியர்ப்பதற்கும் காற்றோட்டமே மருந்து. தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். அதன் விபரம் கதவிலுள்ள தகட்டில் இருக்கும். பலகையை மாற்றிவிடுவது உத்தமம். சுவர் முழுதும் இரும்பாதலால் எர்த் கம்பியும் மின்கசிவு பிரேக்கரும் இன்றிக் குடிபுகவே கூடாது.

சொந்த மனையும் சூளைச் செங்கலும் இருப்பவருக்கு இந்த வீட்டை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். குத்தகை இடத்தில் மண்டி நடத்துபவர், களத்தில் காவலாளைத் தங்க வைப்பவர் விஷயம் வேறு. நான்கு மூலைக்கும் கான்கிரீட் பீடம் கட்டி, ஏரித்தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தால் போதும். குத்தகை முடிந்தால் கிரேன் வைத்துத் தூக்கிப் போகலாம். செங்கல் சுவரைத் தூக்க முடியுமா?

முக்கியமானது ஆவணம். வெளிநாட்டுக் கன்டெய்னர்கள், 6 மாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வரியின்றி உள்ளே வருகின்றன. இங்கேயே விற்றால் சுங்கவரி கட்டியாக வேண்டும். வரி கட்டிய பத்திர நகலும் ஜி.எஸ்.டி. பில்லும் தராதவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி விபரத்தை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். டிரெய்லர் நம் தெருமுனையில் திரும்புமா, கிரேன் கை மின்கம்பியில் படாமல் எழும்புமா என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் நேரில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.