மனத்துக்கு எந்த மருத்துவர்?

மாணவர்களே, மேசையின் நீளத்தை அளக்க அளவுகோல் போதும். மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கத் திருகு அளவி வேண்டும். எதை அளக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். மனநல உதவியும் இவ்வாறே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்கள் பல உயிர்களை இழந்தன. இத்தகைய பேரழிவுக்குப்பின் உறக்கம் கெடுவதும், அலையோசை கேட்டு நடுங்குவதும் இயல்பே; அது நோயன்று. உற்றாரின் ஆதரவும் பள்ளி, விளையாட்டு என்னும் அன்றாட ஒழுங்கும் திரும்பினால் பெரும்பாலோர் தேறிவிடுவர். சிலருக்கு மட்டும் அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் உணவையும் கெடுக்கும். அவர்கள் யாரிடம் செல்வது?

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர் இவரே. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் துயரமும் தோன்றும். ஆகவே உடற்காரணம் உண்டா என்றும் இவர் ஆராய்வார். இல்லாத குரல் காதில் கேட்டாலும், நாட்கணக்கில் உறக்கமே இல்லாவிட்டாலும் முதலில் இவரிடம் செல்லவேண்டும்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் உயர்பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்தவர். சோதனைகளாலும் முறையான பேச்சுச் சிகிச்சையாலும் உதவுவார், மருந்து தரமாட்டார். நீடித்த அச்சம், கற்றல் குறைபாடு முதலியவற்றுக்கு ஏற்றவர்.

ஆலோசகர்: தேர்வுப் பயம், நட்பில் பிணக்கு போன்றவற்றுக்கு உதவுவார். ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், அவருடைய பட்டம், பயிற்சி ஆகியவற்றைக் கேட்டறியுங்கள்.

பல வேளைகளில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தே தேவைப்படும். எங்குத் தொடங்குவதென்று தெரியாவிட்டால், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெற்றோருடன் சென்று விசாரிக்கலாம்.

தவறான இடத்தைத் தேர்ந்தால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியது. தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டனர். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. கட்டிப்போடுவது சிகிச்சையாகாது.

இறுதியாக ஒன்று. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், யாரைத் தேர்வது என்று யோசித்துக் காலங்கடத்த வேண்டாம். அக்கணமே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். தோழர் "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாலும் சொல்லிவிடுங்கள். அந்த இரகசியத்தைவிட அவர் உயிர் பெரிது அல்லவா?